இருபத்திரண்டு எழுத்தின் பயணம்

பாபநாசம் பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் எங்கள் பெரியம்மா நாற்பது வருடம் நடவு நட்டவர். சேற்றிலிருந்து அவர் கால் எடுக்கிற விதத்தைச் சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நடவில் முன்னால் போக முடியாது, பின்னால்தான் நகர வேண்டும். நாலைந்து குத்து ஊன்றியதும் குதிகாலை லேசாகத் திருகுவார். சேறு பிடியை விடும்போது ஒரு சத்தம் வரும். கால் மேலே வந்து, பின்னால் ஓர் அடி தள்ளி மறுபடி இறங்கும். இடுப்பு நிமிராது. பாரம் முழுக்க முழங்காலில் திருகித் திருகி இறங்கும். நாற்று பறிக்கும்போது குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அறுப்பு முடிந்தால் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் களத்துக்கு நடக்க வேண்டும். அறுவடை இயந்திரம் எங்கள் ஊருக்கு வருவதற்குள் அவருடைய முழங்கால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டிருந்தது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே தெரிய வேண்டிய கறுப்பு இடைவெளி உட்பக்கத்தில் காணாமல் போயிருந்தது. “தேய்மானம்தான். வயசாச்சுல்ல” என்றார் டாக்டர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் பெரியம்மா கேட்டார்: “ஏன் தம்பி, செருப்பு தேயுற மாதிரியா காலு தேயும்? செருப்புக்கு உசுரு இல்ல. காலுக்கு உசுரு இருக்கே, அது ஏன் சும்மா இருந்துச்சு?”

அந்தக் கேள்வியை என்னால் கீழே வைக்க முடியவில்லை. பதிலைத் தேடிப் போனதில் ஒரு துகளின் வாழ்க்கைக் கதை கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத, வெறும் 22 எழுத்தே கொண்ட துகள். பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ-140. ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக ‘மிர்-140’ என்பார்கள்.

அது குடியிருக்கும் வீட்டை முதலில் சொல்ல வேண்டும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான வெள்ளைப் பூச்சுதான் குருத்தெலும்பு. ஊரில் ‘ஜவ்வு’ என்று சொல்வதில் இதுவும் சேர்த்தி. இதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகனை வலைபோட்டுக் கட்டியிருப்பது கொலாஜன் நார். நாம் மிதிக்கும்போது தண்ணீர் பிழியப்பட்டு வெளியேறும், காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே உறிஞ்சப்படும். உணவு அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆக, நடப்பதே குருத்தெலும்புக்குச் சோறு. இந்த வலைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் இருக்கின்றன. மொத்தக் கனத்தில் நூற்றுக்குச் சில பங்குதான் அவை. அந்தச் செல்களே இந்த நிலத்தின் குடியானவர்கள். அழிந்ததைக் கட்டுவதும் பழசை வெட்டுவதும் அவர்கள் வேலை. கொலாஜன் விஷயத்தில் மட்டும் அவர்கள் கை அனேகமாகக் கட்டுண்டது. வளர்கிற வயதில் பின்னிய வலையைத்தான் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

மிர்-140 பிறப்பது அந்தச் செல்லின் கருவுக்குள், 16ஆம் குரோமோசோமில். அங்கே டபிள்யூ.டபிள்யூ.பி-2 என்ற பெரிய மரபணு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே, புரதமாக மாறாமல் வெட்டி எறியப்படும் ஒரு பகுதியில் மிர்-140 ஒளிந்திருக்கிறது. டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவோமே, அதுபோல ஒரு பயிருக்குள் இன்னொரு பயிர். குருத்தெலும்பை உருவாக்கும் தலைமைப் புரதமான சாக்ஸ்-9 வந்து எழுப்பும்போது இது முளைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். நம் உடலில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. மொத்த டி.என்.ஏ.வில் அவற்றின் குறிப்பு எழுதப்பட்ட பகுதி 2 சதவீதம்கூட இல்லை. மிச்சத்தை நெடுங்காலம் ‘குப்பை’ என்றே சொல்லிவந்தார்கள். அந்தக் குப்பை என்ற இடத்திலிருந்தும் ஆர்.என்.ஏ நகல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை புரதம் எதையும் செய்வதில்லை. அவற்றில் சில, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்று பார்த்துக்கொள்கின்றன. இவற்றுக்குக் குறியிடா ஆர்.என்.ஏ என்று பெயர். மிர்-140 அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

பிறக்கும்போது அது நீளமான இழை. தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசிபோல நிற்கும். டிரோஷா என்ற நொதி அதன் வாலை நறுக்கி அறுபது எழுபது எழுத்தாகக் குறைக்கிறது. எக்ஸ்போர்ட்டின்-5 அதைக் கருவுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது. வெளியே டைசர் காத்திருக்கிறது. அது கொண்டை வளைவை வெட்டியதும் இரண்டு சிறு இழைகள் மிஞ்சும். வழக்கமாக அதில் ஒன்று வேலைக்குப் போகும், மற்றது சிதைந்துவிடும். மிர்-140 விஷயத்தில் இரண்டுமே குருத்தெலும்பில் நிலைக்கின்றன. அவற்றில் முதல் இழையின் முழு உருவமும் இவ்வளவுதான்:

சிஏஜியூ ஜிஜியூயூ யூயூஏசி சிசியூஏ யூஜிஜியூ ஏஜி.

ஆர்கனாட் என்ற புரதம் இதைக் கையில் ஏந்திக்கொண்டு செல்லுக்குள் சுற்றுகிறது. எந்தத் தூது ஆர்.என்.ஏ.வில் தன் 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்துவரை பொருந்துகிறதோ, அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தத் தூதிலிருந்து புரதம் வருவது குறையும். குறையும் என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுதாக நிற்பதில்லை. கண்ணி வாய்க்காலில் தண்ணீர் அதிகம் பாய்ந்தால் மண்வெட்டியால் ஒரு கொத்து மண் எடுத்து மடையில் வைப்பார்களே, அந்த அளவு வேலை. அந்த ஒரு கொத்து மண் இல்லாவிட்டால் வயல் என்ன ஆகும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழங்காலுக்குள் மிர்-140 மண் வைக்கிற முக்கியமான மடை அடாம்டிஎஸ்-5. அக்ரிகனை வெட்டும் கத்தரி அது. பழைய அக்ரிகனைக் கழிக்க அந்தக் கத்தரி கொஞ்சம் வேண்டும்; மிஞ்சினால் தண்ணீரைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது.

இந்த மடைக்காவலை மனிதர் கண்டுபிடித்த வழியும் நீண்டது. தொடங்கிய இடம் ஒரு புழு. நெல் வேரைத் தாக்கும் நூற்புழுவை நம் விவசாயிகளுக்குத் தெரியும். அதன் தூரத்து உறவான, யாருக்கும் கெடுதல் செய்யாத, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள நூற்புழுவினம் ஒன்றில் விக்டர் அம்புரோசும் கேரி ரவ்கனும் 1993இல் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். அதற்கும் நீளம் 22 எழுத்துதான். ஏழு வருடம் உலகம் அதைப் புழுவின் தனிக் கூத்தாகவே நினைத்தது. 2000இல் ரவ்கன் ஆய்வுக்கூடம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அது மனிதர்வரை பல விலங்குகளிலும் இருப்பது தெரிந்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மிர்-140இன் முதல் அடையாளம் 2005இல் வரிக்குதிரை மீனில் தெரிந்தது. எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ உடலில் எங்கே இருக்கிறது என்று மீன் குஞ்சுகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, இது மட்டும் தாடை, தலை, துடுப்பு ஆகியவற்றின் குருத்தெலும்பில் தெளிவாக நின்றது. அடுத்த ஆண்டே எலியிலும் அது குருத்தெலும்புக்கு உரியது என்று காட்டினார்கள். 2010இல் ஹிரோஷி அசஹாரா குழு ஒரு காரியம் செய்தது: மிர்-140 இல்லாத எலிகளைப் பிறக்க வைத்தார்கள். எலிகள் உயிரோடு பிறந்தன, குட்டையாக வளர்ந்தன, வயதேற ஏற முழங்காலில் நம் பெரியம்மாக்களுக்கு வருகிற அதே நோய் வந்தது. அடாம்டிஎஸ்-5 கட்டுக்கடங்காமல் போயிருந்தது. குருத்தெலும்பில் மிர்-140 கூடுதலாக இருக்கும்படி வளர்த்த எலிகளோ, மூட்டில் வேண்டுமென்றே அழற்சி உண்டாக்கியபோதும் தாக்குப்பிடித்தன.

மனிதரில் அது என்ன செய்கிறது என்பதற்கு 2019இல் இன்னும் அழுத்தமான சாட்சி வந்தது. வளர்ச்சி குன்றிய எலும்புக் கோளாறு உள்ளவர்களின் மரபணுவைப் படித்தபோது, மேலே எழுதினேனே, அந்த 22 எழுத்தில் இரண்டாவதாக உள்ள ‘ஏ’ மட்டும் ‘ஜி’யாக மாறியிருந்தது. பழைய மடைகளை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத மடைகளில் அது மண் வைக்கத் தொடங்கியிருந்தது. ஓர் எழுத்துப் பிசகில் ஓர் உடம்பின் உயரமே மாறிவிட்டது. அந்த ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி இறங்குமுகம். மூட்டு ஒருமுறை அடிபட்டாலும், வருடக்கணக்கில் தப்பான கோணத்தில் பாரம் ஏறினாலும், வயதேறினாலும், மூட்டுக்குள் மெல்லிய அழற்சி தொடங்குகிறது. இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிச் செய்தி செல்களை எட்டுகிறது. அதை எட்டவைத்தால் மிர்-140 குறைகிறது என்று மனிதக் குருத்தெலும்புச் செல்களில் 2009இலேயே காட்டிவிட்டார்கள். நோய்ப்பட்ட குருத்தெலும்பிலும் அது குறைவாகவே இருந்தது. மண் கரைந்த மடைபோலக் கத்தரிகள் பாய்கின்றன. அடாம்டிஎஸ்-5 அக்ரிகனை வெட்டுகிறது, தண்ணீர் நிற்காமல் போகிறது. அதன் பின்னால் எம்எம்பி-13 வந்து கொலாஜன் வலையையே அறுக்கிறது. அந்தக் கத்தரிக்கும் ஒரு காவல் உண்டு: மிர்-27பி. அழற்சியில் அதுவும் தளர்கிறது. மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்த்த ஒரு 2017 ஆய்வில், நோய் முற்ற முற்ற அத்திரவத்தில் மிர்-140இன் இரண்டு இழைகளும் குறைந்துகொண்டே வந்தன.

பாரமும் இந்தத் துகள்களும் வேறு வேறு கதை அல்ல. மிர்-365 என்ற இன்னொன்று, செல்லை இழுத்து அழுத்தினால் கூடுகிறது என்று 2011இல் கோழிக் குருத்தெலும்புச் செல்களில் கண்டார்கள். சேற்றில் திருகிய குதிகால் எங்கோ ஒரு செல்லின் ஆர்.என்.ஏ கணக்கை மாற்றுகிறது என்பது கற்பனை இல்லை. இவற்றோடு நீள ஆர்.என்.ஏ.க்களும் வளைய ஆர்.என்.ஏ.க்களும் இருக்கின்றன. எச்-19 என்ற நீள இழை தனக்குள் மிர்-675ஐச் சுமந்து கொலாஜன் உற்பத்திக்கு உதவுகிறது. வளைய ஆர்.என்.ஏ.க்களில் சில, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சுபோல ஒற்றி எடுத்துவிடுகின்றன. பெயர்ப் பட்டியல் வருடா வருடம் நீள்கிறது. அதில் பாதி இன்னும் பத்தாண்டில் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம். மிர்-140 மட்டும் மீன், எலி, மனிதர் என்று மூன்று இடத்திலும் ஒரே சாட்சி சொல்லி நிற்கிறது. அதனால்தான் அதன் கதையை எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்குப் பதில் இதுதான். காலுக்கு உயிர் இருக்கிறது, அது சும்மா இருக்கவும் இல்லை. கட்டுகிற கைக்கும் வெட்டுகிற கைக்கும் நடுவே காவல் இருந்தது. பாரமும் வயதும் அழற்சியும் சேர்ந்து அந்தக் காவலைக் கலைத்துவிட்டன. தேய்மானம் என்ற சொல் பாதி உண்மை. மிச்சப் பாதியை மறைத்துவிடுவதால் அது தீங்கும் செய்கிறது. தேய்கிறது என்று கேட்டவர்கள் நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நடப்பதை நிறுத்தினால் குருத்தெலும்புக்குச் சோறு நிற்கிறது, தொடைத் தசை வற்றுகிறது, வலி கூடுகிறது.

நெல்லுக்கும் இதே சட்டம்தான். பயிரில் எத்தனை தூர் கட்ட வேண்டும், கதிர் எவ்வளவு கிளைக்க வேண்டும் என்பதில் மிர்-156 என்ற நெல்லின் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குப் பங்கு உண்டு. 2010இல் சீன, ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டார்கள். அது ஒட்டுகிற இடத்தில் ஓர் எழுத்து மாறிய நெல்லில் தூர் குறைந்தது, தண்டு தடித்தது, கதிர் பெருத்தது. நட்ட பெண்ணின் முழங்காலுக்குள்ளும் நடப்பட்ட நாற்றின் குருத்துக்குள்ளும் ஒரே வகைக் காவல்! அப்படியானால் சோற்றில் உள்ள ஆர்.என்.ஏ நம் உடம்பில் வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். நெல்லின் மிர்-168 மனித ரத்தத்தில் இருப்பதாக 2012இல் நான்ஜிங் ஆய்வாளர்கள் எழுதியது பெரும் பரபரப்பானது. அடுத்த ஆண்டே வேறு கூடங்கள் செய்துபார்த்து அது நிற்கவில்லை என்றார்கள். ஆகவே, யாராவது ‘ஆர்.என்.ஏ அரிசி’ என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மருந்தாகுமா? 2017இல் சீனாவில் எலிகளின் முழங்காலில் மிர்-140ஐ ஊசியால் செலுத்தி நோயின் வேகத்தைத் தணித்திருக்கிறார்கள். சிறு ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க முடியும் என்பதற்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் சாட்சி. ஆனால் அது போய்ச் சேருவது ஈரலுக்கு. ஈரல் எளிதில் உள்ளே விடும். குருத்தெலும்பு அப்படியல்ல. இறுக்கமான வலை, ரத்தக் குழாய் இல்லை, அக்ரிகனுக்கு எதிர்மின்னூட்டம், ஆர்.என்.ஏ.வுக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றை ஒன்று தள்ளும். குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும், அல்லது அழிவை நிறுத்தும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘எக்சோசோம்’ என்றும் ‘ஸ்டெம் செல்’ என்றும் சொல்லி முழங்காலில் ஊசி போட்டுக் காசு பறிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எக்சோசோம் பொருள் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ 2019இலேயே பொதுமக்களை எச்சரித்தது. வயலை விற்று யாரும் இந்த ஊசிக்குப் போக வேண்டாம்.

இன்றைக்குக் கையில் இருப்பது எளிமையானது. தொடைத் தசைக்குப் பயிற்சி, எடையைக் கட்டுக்குள் வைப்பது, குத்துக்காலிட்டு உட்காருவதைக் குறைப்பது. அதிகம் குத்துக்காலிட்டவர்களுக்கு முழங்கால் நோய் கூடுதல் என்று பெய்ஜிங் முதியோரிடம் எடுத்த ஆய்வு 2004இல் சொன்னது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலை இறுக்கி, பத்து எண்ணுகிறவரை பிடிப்பது: பெரியம்மா இதைத்தான் காலையும் மாலையும் செய்கிறார். டவுன் பஸ் படி ஏற முடிகிறது இப்போது.

2020 கணக்கில் உலகில் 59 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூட்டுத் தேய்மான நோய். இந்தியாவில் முழங்கால் நோய் எத்தனை பேருக்கு என்று 2016இல் வெளியான பெரிய ஆய்வு 28.7 சதவீதம் என்றது. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்து ஊர்களையும் அவற்றைச் சுற்றிய பகுதிகளையும் வைத்து எடுத்தது. அதில் சேற்றில் நட்ட தஞ்சாவூர் முழங்கால் ஒன்றுகூட இல்லை.

அறிவு நம் மண்ணில் இல்லாமல் இல்லை. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் பேராசிரியர் என். செல்வமுருகன் குழு எலும்புச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் செய்யும் வேலையை ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறது. மிர்-15பி எலும்புச் செல் வளர்ச்சிக்குத் துணை நிற்பதை 2014இல் வெளியிட்டார்கள். எம்எம்பி-13 கத்தரியை எது முடுக்குகிறது என்று 1990களிலேயே அமெரிக்காவில் நிக்கோலா பார்ட்ரிட்ஜுடன் ஆராய்ந்தவர் அவர்.

மூட்டு மாற்று அறுவை செய்கிறவர்கள் பெருகுகிறார்கள். 2017இல் மத்திய அரசின் விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு வைத்து, கோபால்ட் குரோமியம் மூட்டை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறக்கியது. அறுவையில் டாக்டர் பழைய குருத்தெலும்பைச் சீவி எடுப்பார். மிச்சமிருக்கும் மிர்-140 அதற்குள்தான் இருக்கிறது. உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி வெட்டியெடுத்த உடல் பகுதிக்கு மஞ்சள் பை. மஞ்சள் பை போய்ச் சேரும் இடம் எரியுலை. இந்தத் துகளைப் பற்றி உலகம் அறிந்ததில் ஒரு பகுதி, வேறு நாடுகளில் இப்படிச் சீவி எடுத்த துண்டுகளை எரிக்காமல், நோயாளியின் சம்மதத்தோடு எடுத்துவைத்துப் படித்ததால் வந்தது.

தஞ்சாவூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளித் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பப் பள்ளி இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து பேசினால் போதும். அறுவைக்கு வரும் பெண்ணிடம் தமிழில் விளக்கி, கையெழுத்து வாங்கி, அந்தத் துண்டை மஞ்சள் பைக்குப் பதில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை வருடம் நடவு நட்டார், எந்தப் பாசனம், எத்தனை கட்டு தலையில் சுமந்தார். எங்கள் பெரியம்மாவிடம் கேட்டேன். “எரிக்கிறத எடுத்துக்கட்டுமே தம்பி. எழுதத் தெரிஞ்சவங்க எழுதட்டும்” என்றார்.